ஜிப்சம் நீரில் எவ்வளவு கரையும்?

களர் நிலத்திற்கு ஜிப்சம் இடுதல் நன்மை தருமென்பது நிலமுடையோர் பலரும் அறிந்த விஷயமே. ஆயினும், ஒரே வாய்க்காற் பாசனத்திலுள்ள இரண்டு களர் வயல்களுக்கு ஒரே அளவான ஜிப்சம் இட்டும், ஒன்று திருந்திப் பயிர் தாங்க, மற்றொன்று முன்போலவே கட்டுப்பட்டுக் கிடப்பதுண்டு. அவ்வயலின் மண்ணைக் கிளறிப் பார்த்தால், இட்ட ஜிப்சம் வெண்பொடியாக அப்படியே இருப்பது தெரியவரும். இத்தகைய சந்தர்ப்பங்களில் சரக்கின்மீதும் விற்றவர்மீதும் குறை கூறுதல் வழக்கம். ஆனால் பெரும்பாலும் குறை அங்கில்லை. ஜிப்சம் நீரிற் கரைந்த பின்னரே வேலை செய்யும். அது கரைவதற்கு வேண்டிய நீர் அவ்வயலுக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மைக் காரணமாகும்.

அப்படியாயின், எவ்வளவு ஜிப்சத்திற்கு எவ்வளவு நீர் வேண்டும்? இக்கேள்விக்கு விடை ஊகத்தால் வருவதன்று, அளந்தறிய வேண்டுவது. ஒரு வஸ்து நீரில் எவ்வளவு கரையும் என்பதைப் பரிசோதனைச் சாலையில் எங்ஙனம் அளக்கிறார்கள், அவ்வளவு பிழைபட்டால் விவசாயிக்கு என்ன நஷ்டம் நேரும் என்பவை ஈண்டு விளக்கப்படுகின்றன.

கரைதிறன் என்பது யாது?

ஒரு செம்பு நீரில் சிறிது சிறிதாக உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், முதலிற் போட்ட உப்பெல்லாம் கரைந்து மறைந்துவிடும். பின்னர் ஒரு நிலை வரும். அதற்குமேல் எவ்வளவு கலக்கினாலும் போட்ட உப்பு அடியிலேயே தங்கும். அந்நிலையில் உள்ள நீரை நிறைகரைசல் என்பர். குறித்த ஓர் உஷ்ணநிலையில், குறித்த அளவு நீர், ஒரு வஸ்துவில் அதிகபட்சமாக எவ்வளவைத் தன்னுள் ஏற்குமோ, அவ்வளவே அவ்வஸ்துவின் கரைதிறன் ஆகும்.

விரைவாகக் கரைதல் வேறு, மிகுதியாகக் கரைதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பலரிடத்தும் காணப்படும் தவறு. கற்கண்டுக் கட்டி மெல்லக் கரைகிறது. பொடித்த சர்க்கரை விரைவிற் கரைகிறது. ஆனால் போதிய நேரம் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவு நீரில் ஒரே அளவுதான் கரையும். ஜிப்சத்தை நன்றாகப் பொடிப்பதனால் அது கரையும் வேகம் கூடுமேயன்றி, நீர் ஏற்கும் அளவு கூடிவிடாது.

விவசாயிகள் கையாளும் சில வஸ்துக்கள் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய எவ்வளவு கரையுமென்பது பின்வருமாறு:

யூரியா – 1,080 கிராம்
அம்மோனியம் சல்பேட்டு – 750 கிராம்
சாதாரண உப்பு – 360 கிராம்
மியூரியேட் ஆப் பொட்டாஷ் – 340 கிராம்
மயில்துத்தம் – 320 கிராம்
ஜிப்சம் – 2½ கிராம்
நீற்றிய சுண்ணாம்பு – 1¾ கிராமுக்குச் சிறிது குறைவு
சுண்ணாம்புக் கல் – கிராமில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு

இவ்வட்டவணையை ஒருமுறை நோக்கினாலே பல விஷயங்கள் விளங்கும். யூரியா தன் எடைக்குக் குறைவான நீரிலேயே கரைந்துவிடுகிறது. ஆகவே ஒரு பெருமழை பெய்தால் அது வயலை விட்டு வெளியேறவும் கூடும். அதனாலேயே அதைப் பல தவணையாக இடும்படி சொல்லுகிறார்கள். சுண்ணாம்புக் கல்லோ தூய நீரிற் கரையாது என்றே சொல்லலாம். அதனால் களர் மண்ணில் இயற்கையாகவே சுண்ணாம்புக் கல் நிறைந்திருந்தும் அது தானாக நிலத்தைத் திருத்துவதில்லை. ஜிப்சம் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. கரைகிறது, ஆனால் மிகக் குறைவாகக் கரைகிறது.

இவ்வேற்றுமையைத் தூத்துக்குடி உப்பளங்களில் கண்ணாரக் காணலாம். கடல்நீரைப் பாத்திகளில் வெயிலில் வற்றவிடும்போது, குறைவாகக் கரையும் ஜிப்சம் முதலிற் படிகிறது. மிகுதியாகக் கரையும் உப்போ, நீர் மேலும் சுண்டிய பின்னரே அடுத்த பாத்தியில் விளைகிறது. இரண்டையும் தனித்தனியே பிரிப்பதற்கு வேறு யந்திரம் வேண்டியதில்லை. அவற்றின் கரைதிறன் வேறுபாடே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

களர் மண்ணில் ஜிப்சம் செய்யும் வேலை

உவர் நிலத்திற்கும் களர் நிலத்திற்கும் பேதம் உண்டு. உவர் நிலத்தில் கரையும் உப்புக்கள் மிகுந்திருக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அவை அகலும். களர் நிலத்திலோ சோடியம் என்னும் வஸ்து களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அதனால் துகள்கள் ஒன்றோடொன்று சேராமற் பிரிந்து, மழைக்காலத்தில் சேறாகவும் வெயிற்காலத்தில் கல்லாகவும் ஆகின்றன. நீர் கீழிறங்குவதில்லை, வேர் ஊடுருவுவதில்லை. வெறும் நீரைத் தேக்குவதால் மட்டும் இச்சோடியம் விலகாது.

ஜிப்சம் என்பது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் கந்தகச் சத்தும் நீரும் கூடிய உப்பாகும். அது கரையும்போது கால்சியம் நீரில் வெளிப்பட்டு, களிமண் துகளிலுள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்ளும். வெளியேற்றப்பட்ட சோடியம், சோடியம் சல்பேட்டு என்னும் உப்பாக மாறும். இது நீரில் எளிதிற் கரையுமாகையால் வடிநீருடன் போய்விடும். இவ்வேலை முழுவதும் நீரிலேயே நடைபெறுகின்றது. கரையாத ஜிப்சம் ஒரு வண்டி இருந்தாலும் களிமண்ணுக்கு அது மணலுக்குச் சமானமே. ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் 1969-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையத்தார், ஜிப்சம் இட்டு நீர் தேக்கி நெல் பயிரிடும் முறையையே களர் நிலத்திற்குச் சிறந்ததாக எடுத்துக் காட்டியதன் கருத்தும் இதுவே. நெல் வயலில் நிற்கும் நீர் ஜிப்சத்தைக் கரைத்தும், சோடியத்தைக் கீழே இறக்கியும் இரட்டை வேலை செய்கிறது.

அளக்கும் முறை

ஒரு வஸ்துவின் கரைதிறனை அளத்தல் பார்வைக்கு எளிய காரியமாகத் தோன்றும். நீரில் போட்டுக் கலக்கி, எவ்வளவு கரைந்ததென்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நீர் உண்மையிலேயே நிறைந்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ளுவதில்தான் சிரமம் இருக்கிறது.

பல தேசத்தார் கூடிய பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதற்கென ஒரு முறையை வகுத்துள்ளது. அது அவ்வமைப்பின் 105-ஆவது பரிசோதனை விதி எனப்படும். 1995-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பெற்றது. ஒரு லிட்டரில் 10 மில்லிகிராமுக்கு மேல் கரையும் வஸ்துக்களுக்குக் குடுவை முறையை அவ்விதி கூறுகிறது. ஜிப்சம் இவ்வகையைச் சார்ந்ததே. அம்முறைப்படி செய்யவேண்டியவை வருமாறு:

முதலாவதாக, சிறிதளவு வஸ்துவை எடுத்துப் பூர்வாங்கமாகச் சோதித்து, ஏறக்குறைய எவ்வளவு கரையுமென்று மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். பின்னர், அம்மதிப்பைப்போல் சுமார் ஐந்து மடங்கு எடுத்துப் பொடித்து, மூடியுள்ள மூன்று கண்ணாடிக் குடுவைகளில் தனித்தனியே இட்டுக் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். ஜிப்சமாயின் ஒரு லிட்டருக்கு 13 கிராம் வரையில் இடலாம். கரையாத பொடி அடியில் மிஞ்சியிருந்தால்தான் நீர் நிறைந்ததா என்று அறிய முடியும்.

இரண்டாவதாக, மூன்று குடுவைகளையும் 30 டிகிரி உஷ்ணநிலையில் குலுக்க வேண்டும். ஒரு நாள் கழிந்ததும் முதற் குடுவையை எடுத்து, 20 டிகிரியில் மேலும் ஒரு நாள் வைத்து, இடையிடையே குலுக்கிவர வேண்டும். இரண்டாங் குடுவையை இரண்டு நாள் குலுக்கிய பின்னரும், மூன்றாங் குடுவையை மூன்று நாள் குலுக்கிய பின்னரும் இவ்வாறே 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் சற்று மிகுந்த சூட்டில் குலுக்குவது கரைதலை விரைவுபடுத்துவதற்காகும். பின்பு குறித்த உஷ்ணநிலைக்கு இறக்கி ஒரு நாள் வைப்பது, சூட்டில் அதிகமாகக் கரைந்திருப்பது மீண்டும் படிந்துவிடுவதற்காகும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு குடுவையிலுமுள்ள தெளிந்த நீரை, கரையாத துகள் ஒன்றும் கலவாதபடி மையவிலக்குப் பொறியிற் சுழற்றிப் பிரித்தெடுத்து, அதில் கரைந்துள்ள வஸ்துவை இரசாயன முறையில் அளக்க வேண்டும். இரண்டாங் குடுவையின் அளவும் மூன்றாங் குடுவையின் அளவும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வேறுபடாதிருப்பின், நீர் நிறைந்துவிட்டதென்று கொள்ளலாம். நாளுக்கு நாள் அளவு ஏறிக்கொண்டே போனால், கரைதல் இன்னும் முடியவில்லை என்பது பொருள். இன்னும் அதிக நாள் குலுக்கிப் பரீட்சையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு லிட்டரில் 10 மில்லிகிராமும் கரையாத சில பூச்சிகொல்லி மருந்துகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றைச் சிறு கண்ணாடி மணிகளின்மீது அல்லது மணலின்மீது மெல்லியதாகப் பூசி, குழாயில் நிரப்பி, நீரை மிக மெதுவாக ஊடே செலுத்தி, வெளிவரும் நீரைப் பகுதி பகுதியாகப் பிடித்து அளப்பார்கள். தொடர்ந்து வரும் பகுதிகளில் அளவு மாறாதிருந்தால் அதுவே கரைதிறன் ஆகும்.

பிழை நேரும் இடங்கள்

ஜிப்சத்தின் கரைதிறனை அளக்கும்போது ஐந்து இடங்களில் பிழை நேரக்கூடும்.

1. நேரம் போதாமை. ஜிப்சம் மெதுவாகவே கரையும். ஒரு நாழிகை குலுக்கிவிட்டு அளந்தால் உண்மையினும் குறைவான எண்ணே கிடைக்கும்.

2. வடிகட்டுதலில் அசட்டை. நுண்ணிய துகள் வடிதாளின் வழியே நழுவிச் சென்றால், அது கரையாததாயிருந்தும் கரைந்ததாகக் கணக்கில் ஏறி, எண் கூடிவிடும்.

3. நீரின் தூய்மை. கிணற்று நீரில் முன்பே கால்சியமும் சல்பேட்டும் இருந்தால் ஜிப்சம் குறைவாகக் கரையும். நீரில் சாதாரண உப்பு மிகுந்திருந்தாலோ, தூய நீரிற் கரைவதைக் காட்டிலும் அதிகமாகக் கரையும். ஆகவேதான் பரிசோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரை விதித்திருக்கிறார்கள்.

4. உஷ்ணநிலை. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு 0 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 130 கிராமும், 20 டிகிரியில் 310 கிராமுக்கு மேலும், 40 டிகிரியில் 600 கிராமுக்கு மேலும் கரைகிறது. சுண்ணாம்போ இதற்கு நேர்மாறாக, நீர் சூடேறச் சூடேறக் குறைவாகக் கரைகிறது. ஜிப்சம் ஏறக்குறைய 40 டிகிரி வரையில் சிறிதளவே கூடி, அதற்குமேல் குறையத் தொடங்கும். ஆதலால் உஷ்ணநிலையைக் குறிப்பிடாத கரைதிறன் எண்ணுக்கு மதிப்பில்லை.

5. எந்த வஸ்துவாகக் கணக்கிடுவது என்பது. 100 கிராம் ஜிப்சத்தில் சுமார் 21 கிராம் நீர் அதன் படிகத்திலேயே அடங்கியிருக்கிறது. கரைசலை வற்றக் காய்ச்சி எஞ்சியதை நிறுத்தால், காய்ச்சும்போது இப்படிக நீரில் ஒரு பங்கு போய்விடுவதால் எடை குறைந்து காட்டும். ஆகையால் காய்ச்சி நிறுப்பதைக் காட்டிலும், கரைந்துள்ள கால்சியத்தை அளந்து, அதிலிருந்து ஜிப்சத்தைக் கணக்கிடுதலே சரியானது. கரைசலில் சாயத்தைச் சில துளி விட்டு, வெர்சனேட் என்னும் திராவகத்தை அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். செந்நிறம் மாறி நீல நிறம் தோன்றும்போது எவ்வளவு செலவாயிற்றென்று பார்த்துக் கால்சியத்தைக் கணக்கிடுவார்கள். சில நூல்களில் 25 டிகிரியில் ஜிப்சத்தின் கரைதிறன் லிட்டருக்கு 2.1 கிராம் என்றும், வேறு சிலவற்றில் 2.6 கிராம் என்றும் காணப்படுவது இக்காரணத்தாலேயாம். முன்னது படிக நீரை நீக்கிச் சொன்னது. பின்னது படிக நீருடன் சேர்த்துச் சொன்னது. விவசாயி விலைக்கு வாங்குவது படிக நீருடன் கூடிய ஜிப்சமாகையால், அவருக்கு உரிய எண் பின்னதே.

அளவு பிழைபட்டால் நேரும் நஷ்டம்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று எண்ணுதல் கூடும். ஒரு வயலுக்கு எத்தனை டன் ஜிப்சம் வேண்டுமென்பதை நிர்ணயிக்கும் பரீட்சையே ஜிப்சத்தின் நிறைகரைசலைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. ஷூனோவர் முறை எனப்படும் அப்பரீட்சையில், 5 கிராம் மண்ணுடன் 100 மில்லிலிட்டர் நிறைகரைசலைச் சேர்த்துக் குலுக்கி வடிகட்டுவார்கள். மண்ணிலுள்ள சோடியம் எவ்வளவு கால்சியத்தை வாங்கிக்கொண்டதோ, அவ்வளவு வடிநீரில் குறைந்து காணப்படும். அக்குறைவே அம்மண்ணுக்கு வேண்டிய ஜிப்சத்தின் அளவைக் காட்டும்.

இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். நிறைகரைசல் 100 மில்லிலிட்டரில் 258 மில்லிகிராம் ஜிப்சம் இருந்ததென்றும், மண்ணுடன் கலந்து வடித்த பின் 232 மில்லிகிராம் இருந்ததென்றும் வைத்துக்கொள்வோம். 5 கிராம் மண் எடுத்துக்கொண்டது 26 மில்லிகிராம். அதாவது, ஒரு கிலோ மண்ணுக்கு 5.2 கிராம். ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேல்மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடையுள்ளது. ஆகவே ஏக்கருக்கு வேண்டிய ஜிப்சம் 4,680 கிலோ, ஏறக்குறைய 4¾ டன்.

இப்பொழுது, பரிசோதனைச் சாலையில் நிறைகரைசலைச் சரியாகக் குலுக்காமல் தயாரித்து, அதில் உண்மையில் 241 மில்லிகிராமே இருந்தும், புத்தகத்தில் கண்டபடி 258 என்றே எழுதிக்கொண்டார்கள் என்று கொள்வோம். வடிநீரில் 232 இருக்குமாயின், மண் உண்மையில் எடுத்துக்கொண்டது 9 மில்லிகிராமே. அதன்படி ஏக்கருக்கு வேண்டியது 1,620 கிலோதான். கரைசலில் 17 மில்லிகிராம் பிசகினால் வயலில் 3 டன் பிசகுகிறது. பரீட்சையில் கண்டதில் பாதியளவு ஜிப்சம் இட்டாலே போதுமென்பது தமிழ்நாட்டில் வழங்கும் சிபாரிசு. அப்படிப் பாதி இட்டாலும், ஒவ்வோர் ஏக்கருக்கும் ஒன்றரை டன் ஜிப்சத்தின் விலையும், வண்டிக் கூலியும், இறைக்கும் கூலியும் வீணாகும்.

இதனாலேயே, கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்திலுள்ள அமெரிக்க உவர்மண் ஆராய்ச்சிச் சாலையார் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட கைநூலில், இப்பரீட்சைக்குரிய நிறைகரைசலில் கால்சியத்தின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் குறையலாகாதென்று விதித்துள்ளார்கள். அவ்வெல்லை லிட்டருக்கு 2.4 கிராம் ஜிப்சத்திற்குச் சமானமாகும். ஆனால் எல்லைக்கு மேற்பட்டிருந்தால் மட்டும் போதாது. மேற்படி உதாரணத்திலுள்ள 241 மில்லிகிராம் கரைசல் அவ்வெல்லைக்கு உட்பட்டதேயாயினும், அதை 258 என்று கொண்டதால்தான் பிழை நேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் மண்ணில்லாத கரைசலையும் உடன்வைத்து அளந்தே கணக்கிட வேண்டும். மண் பரிசோதனை முடிவைப் பெறும் நிலமுடையோர், மண்ணில்லாத கரைசல் அன்றைய தினமே அளக்கப்பட்டதா என்று விசாரித்துக்கொள்ளுதல் நியாயமே.

வயலுக்கு வேண்டிய நீர்

கரைதிறன் எண் தெரிந்தவுடன் நீரின் கணக்கு எளிதாகிறது. லிட்டருக்கு 2½ கிராம் வீதம் கரையுமானால், ஒரு டன் ஜிப்சம், அதாவது 1,000 கிலோ, கரைவதற்கு 4 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். இதை ஓர் ஏக்கர் பரப்பில் நிறுத்தினால் ஏறக்குறைய 4 அங்குல ஆழம் வரும். ஆகவே, ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு 4 அங்குல நீர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு டன்னுக்கு 8 அங்குலம். இரண்டரை டன்னுக்கு 10 அங்குலம்.

இது தூய நீருக்குரிய கணக்கு. களர் மண்ணுடன் கலந்த ஜிப்சம் இதைவிடச் சற்று எளிதாகவே கரையும். ஏனெனில், கரைந்த கால்சியத்தை மண் உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால், நீர் மேலும் ஜிப்சத்தை ஏற்க இடமுண்டாகிறது. ஆயினும், வடிப்பதற்கும் நீர் வேண்டுமாகையால், மேற்கண்ட கணக்கைக் குறைத்துக்கொள்ளாமலிருப்பதே நன்று. முழு நீரையும் ஒரே தடவையில் தேக்க வேண்டுமென்பதில்லை. 4 அங்குலம் தேக்கி, சில நாள் நிறுத்தி, வடித்து, மறுபடியும் தேக்கலாம்.

செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை இதுவாகும். முதலில் வயலைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்ட வேண்டும். மேடுபள்ளமாயிருப்பின் பள்ளத்தில் நீர் நிற்க, மேட்டிலுள்ள ஜிப்சம் கரையாமற் போகும். பின்னர் ஜிப்சத்தைப் பொடியாகச் சீராகத் தூவி, மேல்மண் நான்கு அங்குலத்திற்குள் கலக்கும்படி உழ வேண்டும். ஆழ உழுதால் அது பெருமளவு மண்ணில் பரந்து பலன் குன்றும். அதன்பின் நீரைத் தேக்கி, வடித்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாட்பயிர் விதைத்து மடக்கி உழுது, களரைத் தாங்கும் நெல் இரகத்தை நடுவது நல்லது.

வடிகாலின்றி நீர் தேக்குவதிற் பயனில்லை. ஜிப்சம் விடுவித்த சோடியம் நீரில் கரைந்தே நிற்கும். நீர் வற்றினால் அது மீண்டும் அம்மண்ணிலேயே தங்கிவிடும். அவ்வடிநீரை அண்டை வயலில் விடுதலும் கூடாது. ஒருவர் நிலம் திருந்த, மற்றொருவர் நிலம் கெடுவதாக முடியும். இவ்விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்களின் உதவி பெரிதும் வேண்டப்படுவது. பொது வடிகால் எவ்விடத்தில் உள்ளது, எங்கெங்கே தூர்ந்திருக்கிறது, எந்தெந்தச் சர்வே எண்ணுள்ள நிலங்களின் நீர் அதில் இறங்கவேண்டும் என்பவற்றை முன்னதாகவே பார்த்துச் சொன்னால், ஜிப்சம் வந்திறங்கிய பின் சச்சரவு நேராது. வாய்க்காலில் நீர் வரும் காலத்தையும் முறையையும் அறிந்து, அதற்கு ஏற்ப ஜிப்சத்தைத் தருவித்துக்கொள்ளும்படி நிலமுடையோருக்கு அறிவிப்பதும் அவர்களாற் கூடிய உதவியாகும்.

ஊரிலேயே செய்யத்தக்க ஓர் எளிய பரீட்சை

ஜிப்சம் லிட்டருக்கு 2½ கிராம் கரையும் என்ற இவ்வெண்ணைக் கொண்டே, வாங்கிய சரக்கில் கரையாத கலப்பு எவ்வளவு என்பதை ஊரிலேயே உத்தேசமாகக் கண்டுகொள்ளலாம். மூட்டைகள் பலவற்றிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, மெல்லிய துணியில் சலிக்கும்படி நன்றாகப் பொடிக்க வேண்டும். பொற்கொல்லர் தராசில் அதில் 20 கிராம் நிறுத்துக்கொள்ள வேண்டும். கூரைத் தூசி படியாமல் வெட்டவெளியிற் பிடித்த மழைநீர் 10 லிட்டரை ஒரு சுத்தமான வாளியில் ஊற்றி, பொடியை அதிற் போட்டு, இரண்டு மூன்று நாள் வரையில் அடிக்கடி கலக்கிவர வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் வீதமே இட்டிருப்பதால், சுத்தமான ஜிப்சமாயின் முழுவதும் கரைந்துவிட வேண்டும். பின்னர் ஓர் இரவு தெளியவைத்து, நீரை மெதுவாக இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவாமல் உலர்த்தி நிறுத்துப் பார்க்கலாம். 5 கிராம் தங்கினால், சரக்கில் ஏறக்குறைய கால் பங்கு மணலோ, களிமண்ணோ, சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறதென்று அறியலாம்.

இப்பரீட்சைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. நீரிற் கரையும் வேறு உப்பு கலந்திருந்தால் இதனால் வெளிப்படாது. மேலும், பொடி பரும்படியாயிருந்தால் நல்ல ஜிப்சமும் நாட்கணக்கில் அடியில் தங்கி, கலப்பென்று தோன்றும். ஆகையால் சந்தேகம் நேர்ந்தால், சரக்கின் மாதிரியை அரசாங்கப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அதன் முடிவைக் கொண்டே பேசவேண்டும். வாளியிற் கண்டதைக் கொண்டு வழக்காடுதல் தகாது.

சுருக்கம்

ஜிப்சம் கரைந்தாலன்றிப் பயன்படாது. தூய நீர் ஒரு லிட்டரில் அது 2½ கிராம் அளவே கரையும். ஏக்கருக்கு ஒரு டன் இடுவோர் 4 அங்குல நீருக்கு வழிதேடிக்கொண்டே இடவேண்டும். எத்தனை டன் இடுவது என்பதை மண் பரீட்சையால் அறியவேண்டும். அப்பரீட்சையும் அன்றன்று அளந்த நிறைகரைசலைக் கொண்டு நடந்திருக்க வேண்டும். நீரும் வடிகாலும் தயாராகாமுன் ஜிப்சம் வாங்குதல், மழை வருமுன் விதையைப் பாறையில் தூவுவதை ஒக்கும். இவற்றைக் கவனித்து முறைப்படி செய்வோர், செலவிட்ட பொருளுக்கேற்ற பயனைத் தங்கள் நிலத்திலேயே காண்பார்களென்பது திண்ணம்.